கோலாலம்பூர் ஏரிக்கரையில் பறவைப் படம்: முதல்முறை எடுப்பவர்களுக்கு

உறவினர் திருமணத்துக்கோ பத்துமலைக்கோ கோலாலம்பூர் வந்திருக்கிறீர்களா? ஒரே ஒரு காலையை ஒதுக்குங்கள். தித்திவங்சா ஏரி, பெர்டானா தாவரவியல் பூங்கா இரண்டும் நல்ல தொடக்கம். அங்குள்ள கொக்கும் மீன்கொத்தியும் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவை. காட்டுப் பறவையைவிடப் பொறுமையாக நிற்கும்.

முந்தின இரவே ஒரு வேலை இருக்கிறது. ஏசி அறையில் குளிர்ந்த கேமராவை இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படிந்துவிடும். துடைத்தாலும் திரும்பப் படியும். ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். காலையில் வெளியே வந்தபின் அரைமணி நேரம் பையைத் திறக்காதீர்கள். ஈரம் பையின் மேலேயே படிந்து காய்ந்துவிடும்.

இங்கே ஆண்டு முழுதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான் உதிக்கும். 7.15க்கு கரையில் இருங்கள். ஏரியின் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் உங்கள் முதுகில், பறவையின் முகத்தில் விழும். 9.30க்கு மேல் நிழல் கறுத்துவிடும், பசியாறப் போகலாம்.

70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் முறைக்கு மாறுங்கள்: நிற்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000. ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 3200 என்று வையுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை, அசைந்த படத்தைக் காப்பாற்ற வழியில்லை. ஃபோகஸ், பறவை நகர்ந்தாலும் விடாமல் பின்தொடரும் தொடர்முறையில் (AF-C அல்லது AI Servo), ஒற்றைப் புள்ளியில் இருக்கட்டும்.

அடுத்ததில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருநீரில் சின்னதாக ஒரு வெண்கொக்கு நின்றால், நீரைப் பார்த்துப் படத்தை வெளுப்பாக்கும். இறகின் வரிகள் அழிந்துபோகும், பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பில் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7க்கு இறக்குங்கள், அளவுக்கு மீறி வெளுத்த இடத்தைக் காட்டும் எச்சரிக்கை திரையில் இன்னும் மின்னினால் −1. கொக்கு சட்டகத்தையே நிறைத்தால் நிலைமை தலைகீழ்: படம் இருண்டுவிடும், சற்று ஏற்ற வேண்டும். வெளிறிய வானத்துக்கு எதிரே கிளையில் உட்கார்ந்த பறவைக்கு +1. கோலாலம்பூரின் மேகமூட்டக் காலைகளில் இது அடிக்கடி தேவைப்படும். ஒவ்வொரு பறவைக்குப் பிறகும் பூஜ்யத்துக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

இனி, உட்காருங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் பின்னணியில் சேறும் குப்பையும்தான் வரும். பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கினால் எதிர்க்கரை மங்கிப் பச்சைத் திரையாகிவிடும். நேராக நெருங்காமல் சாய்வாக, நின்று நின்று போங்கள். கொக்கு கழுத்தை நீட்டி விறைத்தால் அங்கேயே நில்லுங்கள். மீன்கொத்தியைத் துரத்தவே வேண்டாம், மீனோடு அதே கம்பத்துக்குத்தான் பெரும்பாலும் திரும்பும். எச்சமிட்டு முன்சாய்ந்தால் பறக்கப் போகிறது என்று பொருள்; விரல் தயாராக இருக்கட்டும்.

கைப்பேசி மட்டும்தான் இருக்கிறதா? பறவையைப் பெரிதாக்க முயல வேண்டாம். தித்திவங்சாவில் கொக்கைச் சிறிதாக வைத்துப் பின்னால் இரட்டைக் கோபுரத்தைச் சேர்த்தால் அருமையான படம். ரொட்டி போட்டு அழைக்காதீர்கள். பறவைக்கும் கெடுதல், பெர்டானாவில் குரங்குகள்தான் முதலில் வரும்.

இடத்தைவிட்டு எழும்முன் ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கண் மங்கலாக இருந்தால், பறவை நிற்கும்போதே 1/1000 வைத்து மறுபடி எடுங்கள்.