போஸ்ட்-பங்க் லைவ் ஆல்பத்தை எப்படிக் கேட்பது? ஜாய் டிவிஷனின் பாரிஸ் இரவோடு தொடங்குவோம்

ஸ்டூடியோப் பாடல்களுக்குப் பழகிய காது, மேடைக் கச்சேரியை நேரடியாகப் பதிவுசெய்த லைவ் ஆல்பம் ஒன்றை முதன்முறை கேட்கும்போது ஏமாந்துபோவது இயல்புதான். குரல் கிதாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கிதாரோ தேவைக்கு மேல் இரையும். போஸ்ட்-பங்க் இசையில் இந்த ஏமாற்றம் இன்னும் கூடுதலாக இருக்கும். 1970களின் இறுதியில், பங்க் எனும் முரட்டு ராக் அலை தணிந்த கையோடு இங்கிலாந்தில் எழுந்த இந்தக் குழுக்களில் சில, மேடையில் ஒருவிதமாகவும் ஸ்டூடியோவில் முற்றிலும் வேறுவிதமாகவும் ஒலித்தன. அந்த வேறுபாட்டைக் காதால் பிடிப்பதற்கான பயிற்சிதான் இது. பயிற்சிக்கு, மான்செஸ்டரைச் சேர்ந்த ஜாய் டிவிஷன் குழுவின் 'லே பேன் தூஷ்' ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: எங்கே, எப்போது என்று பாருங்கள்

ஆல்பம் வெளியானது 2001இல். பதிவானதோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னால். 1979 டிசம்பர் 18 அன்று பாரிஸில் நடந்த கச்சேரி இது. பழைய பொதுக் குளியல் இல்லம் ஒன்றை இரவு விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஆல்பத்தின் தலைப்பு அந்த அரங்கின் பெயர்தான்; அதிலேயே அந்தக் குளியல் இருக்கிறது. ஆனால் ஆல்பத்தின் பதினாறு பாடல்களும் அங்கே பாடியவை அல்ல. முதல் ஒன்பதுதான் பாரிஸ். அடுத்த மூன்று 1980 ஜனவரி 11 அன்று ஆம்ஸ்டர்டாமிலும், கடைசி நான்கு ஜனவரி 18 அன்று ஐண்ட்ஹோவனிலும் பதிவானவை. இதைக் கவனிக்காமல், வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் ஓடவிட்டு, ஒரே அரங்கம் பாட்டுக்குப் பாட்டு எப்படி மாறுகிறது என்று நெடுநாள் குழம்பியவன் நான்.

தேதிகளைப் பார்க்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18 அன்று, 23 வயதில், தற்கொலை செய்துகொண்டார். இதைத் தெரிந்துகொண்டு கேட்பவர்கள் ஒவ்வொரு வரியிலும் முன்னறிகுறியைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படித் தேடும் காதுக்கு ட்ரம்ஸ் கேட்பதில்லை. முதல் சில சுற்றுகளிலாவது அந்தச் செய்தியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

படி 2: முதலில் ஸ்டூடியோப் பதிவைக் கேளுங்கள்

1979 ஜூனில் வெளிவந்த 'அன்னோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்திலிருந்து நான்கு பாடல்கள் போதும்: 'டிஸ்ஆர்டர்', 'டே ஆஃப் த லார்ட்ஸ்', 'இன்சைட்', 'ஷேடோபிளே'. நான்குமே பாரிஸ் மேடையிலும் வருகின்றன.

அந்த ஆல்பத்தை ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்டிராபெரி ஸ்டூடியோஸில் பதிவுசெய்த தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட், ஒலிகளை ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து வைப்பதில் பிடிவாதக்காரர். ட்ரம்ஸின் பாகங்களைக்கூடத் தனித்தனியே வாசிக்கச் சொன்னார். ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே கருவியைக் கொண்டு ஒவ்வோர் அடிக்கும் ஒரு குளிர்ந்த நிழலைச் சேர்த்தார். 'இன்சைட்' தொடக்கத்தில் கேட்கும் உலோக ஓசை, கட்டடத்தின் பழைய லிஃப்டில் பிடித்தது. அதே பாட்டில் கர்டிஸின் குரலைத் தொலைபேசி வழியாகப் பதிவுசெய்தார். இன்று பலரும் வியக்கும் இந்த வேலைப்பாடு அன்று குழுவின் கிதார் கலைஞர் பெர்னார்ட் சம்னருக்கும் பாஸ் கிதார் கலைஞர் பீட்டர் ஹுக்குக்கும் பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் வாசித்த முரட்டு இசையை ஹேனட் அடக்கிவிட்டார் என்பது அவர்களுடைய குறை. அவர்கள் சொன்னது நியாயமா என்பதை நீங்களே தீர்மானிக்கத்தான் அடுத்த படிகள்.

படி 3: கருவியைச் சரிசெய்யுங்கள்

ஷஃபிளை நிறுத்துங்கள். பாட்டுகளின் முனைகளை ஒன்றில் ஒன்று கரைக்கும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கும் ஹெட்போனின் பாஸ் பூஸ்ட் அணைந்திருக்க வேண்டும். ஏன் என்பது ஐந்தாம் படியில் விளங்கும். ஒலியளவைப் பொறுத்தவரை, கர்டிஸின் மெல்லிய குரல் தெளிவாகக் கேட்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 4: ஒன்பது பாடல்களை ஒரே மூச்சில் கேளுங்கள்

குறிப்பெடுக்க வேண்டாம், பின்னால் ஓட்டிக் கேட்கவும் வேண்டாம்.

படி 5: பாஸ் கிதாரைப் பின்தொடருங்கள்

இந்த ஆல்பத்துக்குள் நுழையும் வாசல் இதுதான் என்பேன். ராக் இசையில் பொதுவாக மெட்டை கிதார் ஏந்தும், பாஸ் அடியில் நின்று தாங்கும். ஜாய் டிவிஷனில் இது தலைகீழ். ஹுக்கின் தொடக்ககால ஆம்ப்ளிஃபையர் மட்டமானது. சம்னரின் கிதார் இரைச்சலுக்கு நடுவே தாழ்ந்த சுரங்கள் அவருக்கே கேட்கவில்லை. அதனால் கழுத்துப்பகுதி கிதாரின் உடலோடு சேரும் முனைக்குப் போய், உச்சச் சுரங்களில் வாசிக்கத் தொடங்கினார். வசதிக்குறைவால் வந்த அந்தப் பழக்கமே குழுவின் அடையாளமாகிவிட்டது. பாஸ் பூஸ்டை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான்: அது அடிச்சுரங்களைத்தான் பெருக்கும், ஹுக்கின் சுரங்களோ மேலே இருக்கின்றன.

'ஷேடோபிளே' தொடங்கும்போது பாஸும், மெல்லத் தட்டப்படும் சிம்பலும் மட்டும் இருக்கும். கிதார் பின்னால்தான் வந்து விழும். ஸ்டூடியோப் பதிவில் அந்தக் கிதார் வேறோர் அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும், பாரிஸிலோ பக்கத்தில் நின்று அறைகிறது. இந்த ஒரு நுழைவை இரண்டு பதிவுகளிலும் மாற்றி மாற்றி மூன்றுமுறை கேளுங்கள். அடுத்து 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' பாடலுக்கு வாருங்கள். அதன் மெட்டை, கர்டிஸ் வாய் திறக்கும் முன்பே பாஸ் சொல்லிவிடுகிறது. சிங்கிளாக, அதாவது தனிப்பாடல் இசைத்தட்டாக, அது வெளிவந்தது 1980 ஜூனில். பாரிஸ் ரசிகர்களுக்கு ஆறு மாதம் முன்னதாகவே கிடைத்துவிட்டது.

படி 6: ட்ரம்ஸ், பிறகு குரல்

'டிஸ்ஆர்டர்' பாட்டில் வரிசை தெளிவு: முதலில் ட்ரம்ஸ், அடுத்து பாஸ், கடைசியாகக் கிதார். ஸ்டீஃபன் மோரிஸ் இயந்திரம்போல ஒழுங்காக வாசிப்பவர் என்று சொல்வார்கள். ஹேனட்டின் பதிவை மட்டும் கேட்டால் அது சரியென்றே தோன்றும். மேடையில் அந்த இயந்திரத்துக்கு வியர்க்கிறது.

குரலுக்கு 'டிரான்ஸ்மிஷன்' போதும். கர்டிஸ் அடித்தொண்டையில், ஏறக்குறைய பேச்சுபோலத் தொடங்குகிறார். பாஸ் திரும்பத் திரும்ப ஒரே சிறு வட்டத்தில் சுற்ற, குரல் சுவடு தெரியாமல் ஏறிக்கொண்டே போய், முடிவை நெருங்கும்போது கத்தலாக வெடிக்கிறது. வெடிப்பைவிட அதற்கு முந்தைய ஏற்றத்தைக் கவனியுங்கள்; எந்த வரியில் குரல் மாறியது என்று சுட்ட முயன்று நான் இன்னும் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

படி 7: மற்ற இரண்டு ஊர்கள்

மீதி ஏழு பாடல்களை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் கடைசியான 'அட்மாஸ்ஃபியர்' மெதுவாக நடக்கும் பாட்டு. பிரான்சில் 1578 பிரதிகள் மட்டுமே அச்சான சிங்கிளாக 1980 மார்ச்சில் அது வெளிவந்தது.

படி 8: அடுத்து எதைக் கேட்கலாம்?

1980 பிப்ரவரி 28 அன்று பிரெஸ்டனில் நடந்த கச்சேரியும் ஆல்பமாக இருக்கிறது. அன்று கருவிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. அந்தத் தடுமாற்றமெல்லாம் பதிவிலேயே கேட்கிறது. புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம். வேறு குழு வேண்டுமென்றால், சூசி அண்ட் த பான்ஷீஸ் 1983இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதிவுசெய்த 'நாக்டர்ன்' நல்ல தேர்வு. அதில் கிதார் வாசித்தவர் த கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித்.

இறுதியாக, 1981இல் வந்த 'ஸ்டில்'. ஜாய் டிவிஷனின் கடைசிக் கச்சேரி, 1980 மே 2 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நடந்தது, இதில்தான் இருக்கிறது. அந்த இரவில் பாடிய 'செரிமனி' பாட்டை, கர்டிஸ் மறைந்த பின் மற்ற மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தங்கள் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள். வரிகளை அவர் எழுதி வைத்திருக்கவில்லை. கலங்கிய ஒலிநாடாவை, ஒலியின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் ஓட்டி, காதைத் தீட்டிக்கொண்டு, சொல் சொல்லாகப் பிடித்துத்தான் சம்னர் அவற்றை மீட்டெடுத்தார்.