சாட்சி சொல்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேவன் தன் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல, அதாவது சாட்சி சொல்ல, முதல்முறை சபை நடுவே எழுகிறவர்களின் நன்றி உண்மையானது. அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் முந்தின தலைமுறை விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். குரல் நடுங்குவது, வசன எண் மறந்துபோவது, பாதியில் அழுதுவிடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறுகளே அல்ல. கேட்கிறவர்களின் விசுவாசத்தைக் காயப்படுத்தி, சொன்னவரையும் பின்னாளில் சிக்கவைக்கிற தவறுகள் வேறு.

பாவத்துக்கு நான்கு நிமிடம், கிறிஸ்துவுக்கு ஒரு நிமிடம்

அகிரிப்பா ராஜாவுக்கு முன்பாகப் பவுல் சொன்ன சாட்சியை (அப்போஸ்தலர் 26) அளந்து பாருங்கள். பழைய வாழ்க்கைக்கு 4 முதல் 11 வரை, தமஸ்கு வழியில் நடந்ததற்கு 12 முதல் 18 வரை, அதன்பின் கீழ்ப்படிந்து நடந்ததற்கு 19 முதல் 23 வரை. பரிசுத்தவான்களைச் சிறையில் அடைத்ததையும், அவர்கள் கொல்லப்படுகையில் தான் சம்மதித்ததையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் யாரை, எப்படி என்று விவரித்து ருசிபார்க்கவும் இல்லை.

ஐந்து நிமிடம் கொடுத்தால் பழைய வாழ்க்கைக்கு ஒன்று, திருப்பத்துக்கு இரண்டு, இன்றைய வாழ்க்கைக்கு இரண்டு என்று பிரியுங்கள். யாரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். எருசலேம் ஜனங்களிடம் (22-ஆம் அதிகாரம்) பவுல் தன் வேத ஆசிரியரான கமாலியேலையும், யூதர்களிடம் நல்ல பெயர் பெற்ற அனனியாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அகிரிப்பாவிடம் அந்த இரண்டு பெயரும் வரவில்லை. எல்லா இடத்திலும் ஒப்பிக்கிற ஒரே சாட்சி எங்கேயும் சரியாகப் பொருந்தாது.

கிடைத்த பலனை வைத்துத் தேவனுடைய உண்மையை அளப்பது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்ப வருவதால் கோபமும் வருகிறது.

"வேலை கிடைத்தது, கர்த்தர் உண்மையுள்ளவர்." "ஸ்கேனில் கட்டியைக் காணோம்; கர்த்தர் உண்மையுள்ளவர்." இரண்டு பாதியுமே மெய்தான். அவற்றை "ஆகையால்" என்று முடிச்சுப் போடுவதில்தான் தவறு இருக்கிறது. அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு ஏறெடுத்துவிட்டு, கடைசியில் தன் பிள்ளையை அடக்கம் பண்ணினவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த முடிச்சு அவருக்கு என்ன சொல்லும்? "உன் விஷயத்தில் அவர் உண்மையாயிருக்கவில்லை" என்றுதான்.

அப்போஸ்தலர் 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வசனத்திலேயே ஏரோது யாக்கோபைப் பட்டயத்தினால் கொன்றுவிடுகிறான். அதே அதிகாரத்தில், நான்கு நான்கு பேராக நான்கு வகுப்புச் சேவகர்கள் காவல்காத்த பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவருகிறான். யாக்கோபை "யோவானுடைய சகோதரன்" என்று லூக்கா அடையாளம் சொல்கிறார். மறுநாள் ஒருவர் எழுந்து, "பேதுரு வெளியே வந்துவிட்டார், கர்த்தர் உண்மையுள்ளவர்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால், அங்கே இருக்கிற யோவானின் முகத்தை நம்மால் பார்க்க முடியுமா?

எபிரெயர் 11 இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. 34-ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். 37-ல் அதே விசுவாசத்தோடு பட்டயத்தினால் வெட்டப்பட்டார்கள். 39-ஆம் வசனம் இரு சாராரையும் சேர்த்து "இவர்களெல்லாரும்" நற்சாட்சி பெற்றார்கள் என்கிறது.

நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிற "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற வரி எங்கே இருக்கிறது? புலம்பல் 3:23-ல். பாபிலோனியர் எருசலேமை இடித்து ஆலயத்தையும் சுட்டெரித்த பின்பு, எதுவும் திரும்பக் கிடைக்காத நிலையில் சொன்ன வார்த்தை அது. அதன்பின்னும் புலம்பல் ஓயவில்லை; புத்தகத்தின் கடைசி வசனம்கூடத் துக்கத்தில்தான் நிற்கிறது. பலனைச் சுட்டிக்காட்டாமலே தேவனுடைய உண்மையைப் பேச முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சொன்னவருக்கும் இது கண்ணியாகிறது. கம்பெனியை மூடிவிட்டார்கள், கட்டி திரும்ப வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதே சபையில் எந்த முகத்தோடு ஜெபிக்கச் சொல்லிக் கேட்பார்? பலர் கேட்பதில்லை. "சாட்சி சொன்னேனே" என்ற வெட்கத்தில் வியாதியை மறைக்கிறார்கள். ஜெபம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் தனியாகிப்போகிறார்கள்.

இதைத் திருத்த வழி உண்டு. சாட்சியை முழுவதும் எழுதுங்கள். பிறகு, முடிவு இப்படி அமைந்தது என்று சொல்லும் ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். எதுவுமே மிஞ்சவில்லை என்றால் அது இன்னும் தயாராகவில்லை. காத்திருந்த மாதங்களில் எந்த வசனத்தைப் பற்றிக்கொண்டீர்கள், ஜெபிக்கவே வராத நாளில் யார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எந்தப் பயம் குறைந்தது, எது குறையவில்லை என்பவை மிஞ்ச வேண்டும்.

அடுத்ததாக, நாம் கேட்டதையும் அவர் வாக்குக் கொடுத்ததையும் பிரித்து வையுங்கள். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" (எபிரெயர் 13:5) என்பது வாக்கு. குறிப்பிட்ட அந்த வேலை வாக்கு அல்ல, அது நம் விண்ணப்பம். மரணத்துக்குச் சமீபமாயிருந்த தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைப் பவுல் எப்படி எழுதுகிறார்? "தேவன் அவனுக்கு இரங்கினார்" (பிலிப்பியர் 2:27). இன்னொரு உடன்வேலையாளான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்ததையும் அதே பவுல் மறைக்காமல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). கிடைத்ததற்கு "இரங்கினார்" என்று நன்றி சொல்லுங்கள். கைவிடாமல் கூட இருந்ததற்கு "உண்மையுள்ளவர்" என்று துதியுங்கள். இந்த ஒரு திருத்தம் போதும், பின்வரிசையில் இருக்கிறவரும் மனதார ஆமென் சொல்வார்.

"அந்த ஒரே இரவில் முழுவதும் மாறிவிட்டேன்"

"அமேசிங் கிரேஸ்" பாடலை எழுதிய ஜான் நியூட்டனின் கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள், புயலில் மனந்திரும்பினார், அடிமைக் கப்பலை விட்டார் என்று முடித்துவிடுகிறார்கள். புயல் 1748-ல் வந்தது. அதற்குப் பிறகும் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராயிருந்தார். கடல் வேலையை விட்டது 1754-ல், அதுவும் உடல்நலம் கெட்டதால். அந்த வியாபாரத்தை எதிர்த்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் எழுதி வெளியிட்டது 1788-ல். நாற்பது வருஷம். கிருபை அவரை அந்த நாற்பது வருஷமும் விடவில்லை என்பதுதான் அந்தச் சாட்சியின் பலம். அதைச் சுருக்கினால் பலமும் போய்விடும்.

"என் கோபமெல்லாம் போய்விட்டது" என்றால் வீட்டில் இருக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். "முன்பு மன்னிப்புக் கேட்க வாரக்கணக்காகும், இப்போது அன்று இரவுக்குள் கேட்க முடிகிறது" என்று அளவோடு சொல்லுங்கள். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு அப்படித்தான் பேசினான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பேன் என்று. மேடை ஏறும் முன் சாட்சியைக் கூடவே வாழ்கிற ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் மறுக்கிற வரியை எடுத்துவிடுங்கள்.

மருத்துவரை மறைப்பது

எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்தார்கள் (2 இராஜாக்கள் 20:7). சிகிச்சையைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், கேட்கிற யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்.

பிறரோடு ஒப்பிட்டு நன்றி சொல்வது

லூக்கா 18-ல் வருகிற பரிசேயனும், தான் மற்றவர்களைப்போல இல்லை என்று ஸ்தோத்திரத்தோடுதான் ஜெபித்தான்; ஆனால் இயேசு அவனை நீதிமான் என்று சொல்லவில்லை.

ஞாபகத்தை நம்புவது

பதில் வந்த பிறகு, நாம் கேட்ட ஜெபத்தையே அந்தப் பதிலுக்கு ஏற்றபடி மனது மாற்றிவிடும். இது பொய் சொல்லும் எண்ணத்தால் நடப்பதில்லை, ஆனால் நடக்கிறது. அதனால் கேட்கிற அன்றே எழுதுங்கள். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போதும்: கேட்ட தேதி, கேட்ட வார்த்தை அப்படியே, நடந்தது, நடந்த தேதி. கேட்டதும் நடந்ததும் வேறுபட்டால் இரண்டையும் சாட்சியில் சொல்லுங்கள். பதில் வராதவற்றைக் கிழிக்க வேண்டாம். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்ததை நினைவுகூர அதிலிருந்து எடுத்து வைத்த பன்னிரண்டு கற்களைப் போல, பிள்ளைகள் ஒருநாள் கேட்கும்போது, முழுக் கணக்கும் கையில் இருக்க வேண்டும்.

மற்றவருடைய இரகசியம்

குடித்த கணவர், ஓடிப்போன மகன், கடன் கொடுத்த உறவினர் என்று சாட்சியில் யார் வந்தாலும் முன்னதாகவே அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.