பொருள் தயாரிக்கும் நிறுவனம் சாஃப்ட்வேரில் சறுக்காமல் இருக்க

காரோ டிவியோ, தொழிற்சாலையின் கணக்கில் சாஃப்ட்வேர் என்பது உதிரிபாகப் பட்டியலில் இன்னொரு வரி. சரக்கு கேட்டைத் தாண்டினால் வேலை முடிந்தது. சறுக்கல் அங்கேதான் ஆரம்பம். உற்பத்திக்கான வார்ப்பு அச்சு வெட்டுவதற்கு முன்பே சில விஷயங்களைப் பிடிவாதமாக முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் மெமரி. ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் சாஃப்ட்வேர், இன்று 3 எம்பி என்றால், அதைச் சேமிக்க 4 எம்பி ஃபிளாஷ் மெமரி சிப் போதும், காசு மிச்சம் என்பார்கள் பர்ச்சேஸ்காரர்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், 16 எம்பி போடுங்கள். பழைய ஃபர்ம்வேர் ஒரு பகுதியில், புதியது மறு பகுதியில், இரண்டும் வளர இடம். புதியது ஒழுங்காகக் கிளம்பினால்தான் பூட்லோடர் (கருவியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்) அதை நிரந்தரமாக்க வேண்டும்; தொங்கினால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் ரீசெட் செய்ய, கருவி பழையதற்கே திரும்பிவிடும். அப்டேட் ஓடும்போது வெவ்வேறு கட்டங்களில் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், நூறு தடவையாவது. ஒரு தடவை கருவி எழாமல் போனாலும் வெளியிடாதீர்கள்.

அப்டேட்டுக்குத் தேவையான மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 காரின் ஆரம்பகால உரிமையாளர்கள் புது சாஃப்ட்வேருக்காக டீலரிடம் போய் 12 வோல்ட் பேட்டரியையே மாற்ற வேண்டியிருந்தது.

சப்ளையர் ஒப்பந்தத்தில் சோர்ஸ் கோடு (நிரலின் மூல வரிகள்), அதைக் கருவியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரின் பதிப்பு, அப்டேட் அசல்தான் என்று முத்திரையிடும் கையொப்பச் சாவி மூன்றும் உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கணினியிலேயே அந்தக் கோடிலிருந்து ஃபர்ம்வேரை உருவாக்கி (பில்டு செய்து), அது கருவியில் ஓடிய பிறகே சப்ளையருக்குக் கடைசித் தவணை. இதை விட்டவர்கள் சின்னப் பிழைக்கும் சப்ளையரின் தேதிக்காகக் காத்திருப்பார்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் சோர்ஸ் கோடின் தனிக் கிளை வேண்டாம். நோக்கியா, சிம்பியன் என்ற மொபைல் இயங்குதளத்தின் மேல் சீரிஸ் 60, 80, 90 என்று தனித்தனித் தளங்களை வளர்த்தது. ஒன்றுக்கு எழுதிய செயலி மற்றதில் அப்படியே ஓடாது. சோர்ஸ் கோடு ஒன்றே இருக்கட்டும், மாடல்களின் வித்தியாசமெல்லாம் கான்ஃபிக் ஃபைலில் (அமைப்புகளைக் குறிக்கும் தனிக் கோப்பில்).

எல்லாவற்றையும் விட முக்கியம் அதிகாரம். ஃபோக்ஸ்வாகன் 2020-இல் தொடங்கி, பிறகு காரியாட் என்று பெயரிட்ட சாஃப்ட்வேர் பிரிவு, குழுமத்தின் பல பிராண்டுகளுக்கும் ஒரே சமயத்தில் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் தாமதத்தால், அதே குழுமத்தைச் சேர்ந்த போர்ஷேயின் மின்சார மக்கான் கார் தள்ளிப்போனது. 2024-இல் ரிவியன் என்ற அமெரிக்க மின்சார வாகன நிறுவனத்துடன் கூட்டு சேர்ந்தார்கள். சாஃப்ட்வேர் தலைவர் "இது தயாராகவில்லை" என்றால் லாரி கிளம்பக்கூடாது. அந்த உரிமையை எழுத்தில் கொடுங்கள்.

அப்டேட்டை முதலில் 1 சதவீதக் கருவிகளுக்கு அனுப்பி, இரண்டு நாள் பொறுத்து 10, பிறகுதான் முழுவதும். சர்வர், பாதுகாப்புத் திருத்தம் ஆகியவற்றுக்கான செலவை, கருவியின் ஆயுள் முழுவதற்கும் கணக்கிட்டு விற்பனை விலையிலேயே ஒதுக்கிவிடுங்கள்.