ரஷ்ய ஜூனியர் டென்னிஸ் ஃபாலோ பண்றது எப்படி?

முதல்ல ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் காலண்டரைத் திறங்க. ஜே30, ஜே60னு சின்ன போட்டிகள் நிறைய ஓடும் (நம்பர் பெருசானா போட்டியும் பெருசு), அதை விட்டுட்டு ஜே300, ஜே500, அப்புறம் நாலு கிராண்ட்ஸ்லாம் ஜூனியர் டிராவை, அதாவது யாரோட யார் மோதுறாங்கங்கிற பட்டியலை, மட்டும் பாத்தாலே போதும். ஒரு சின்ன சிக்கல், 2022 மார்ச்லேருந்து ரஷ்யாவை டீம் போட்டிகள்லேருந்து நிறுத்திட்டாங்க, தனியா ஆடுறவங்க பேர் பக்கத்துலயும் கொடி இல்லாம போச்சு, பெலாரஸ் பசங்களுக்கும் அதே கதைதான், அதனால கொடி இல்லைன்னாலே ரஷ்யான்னு முடிவு பண்ணிடாதீங்க, பேரை கிளிக் பண்ணி ப்ரொஃபைலைப் பாருங்க.

ரேங்கிங்கை ரொம்ப நம்பாதீங்க, நல்லா ஆடுறவங்க சீக்கிரமே பெரியவங்க டூருக்குத் தாவிடுவாங்க, ஜூனியர் பாயிண்ட் மேல ஏறாது. ஃபுல் மேட்ச் பாருங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னா, 2023 ஆஸ்திரேலியன் ஓபன் கேர்ள்ஸ் ஃபைனல். அலினா கோர்னீவாவும் மிர்ரா ஆண்ட்ரீவாவும், ரெண்டு பேருக்கும் 15 வயசு, மூணு மணி நேரத்துக்கு மேல அடிச்சுக்கிட்டாங்க. 6-7, 6-4, 7-5னு கோர்னீவா ஜெயிச்சாங்க, அதே வருஷம் ரோலண்ட் காரோஸ் (பிரெஞ்ச் ஓபன்) ஜூனியரும் அவங்களுக்குத்தான். ஆனா தோத்த மிர்ரா 2025ல துபாய், இந்தியன் வெல்ஸ்னு ரெண்டு பெரிய போட்டியையும் பெரியவங்க டூர்லயே தூக்கிட்டாங்க! அதனால ஃபைனல்ல தோத்தவங்க பேரையும் குறிச்சு வைங்க.

ஜெயிச்சவங்க பழைய லிஸ்டும் ஒருதடவை புரட்டுங்க, 2014 ரோலண்ட் காரோஸ் ஜூனியர்ல பாய்ஸ் ஆந்த்ரே ருப்லெவ், கேர்ள்ஸ் டாரியா கசாட்கினா, ரெண்டுமே ரஷ்யா. கசாட்கினா 2025லேருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடுறாங்க, அதனால நாட்டை வச்சுத் தேடாம ஆளை வச்சுத் தேடுங்க.