ட்ரெண்ட் ஃபாலோயிங் விதியை பேக்டெஸ்ட் செய்வது எப்படி?

ட்ரெண்ட் ஃபாலோயிங் என்பது விலை போகும் திசையிலேயே வர்த்தகம் செய்வது; பேக்டெஸ்ட் என்பது அந்த விதியைப் பழைய விலைத் தரவில் ஓட்டிப் பார்ப்பது. முதலில் விதியை ஐயமின்றி எழுதுங்கள்: முந்தைய 55 நாள் உச்சத்துக்கு மேல் விலை முடிந்தால் வாங்கு; முந்தைய 20 நாள் தாழ்வுக்குக் கீழே முடிந்தால் விற்று வெளியேறு. நுழைந்த விலைக்கு 2 ஏடிஆர் (ஏடிஆர்: ஒரு நாளில் விலை சராசரியாக ஏறி இறங்கும் அளவு) கீழே ஸ்டாப்லாஸ், அதாவது நட்டத்தை நிறுத்த விற்றுவிடும் விலை. மூலதனம் 10,00,000 ரூபாய், ஒரு வர்த்தகத்தில் ரிஸ்க் 1 சதவீதம் (10,000), ஏடிஆர் 25 (2 ஏடிஆர் = 50) என்றால், வாங்க வேண்டியது 10,000 ÷ 50 = 200 பங்குகள்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: இன்றைய முடிவு விலையில் சிக்னல் பெற்று, அதே விலையில் வாங்கியதாகக் கணக்கிட்டால் லாபம் பொய்யாக ஊதிவிடும். மறுநாள் தொடக்க விலையையே எடுங்கள். தரகையும் ஸ்லிப்பேஜையும் (எதிர்பார்த்த விலைக்கும் உண்மையில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்) கழியுங்கள். பங்குச்சந்தைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பங்குகளும் தரவில் இருக்கட்டும்; இல்லாவிட்டால் தோற்ற பங்குகள் விடுபட்டு முடிவு நன்றாகத் தெரியும்.

பிறகு 55ஐ 40 முதல் 70 வரை மாற்றிப் பாருங்கள். 55இல் மட்டும் லாபம் வந்தால் நம்பவே வேண்டாம். கடைசி 30 சதவீதத் தரவைத் தொடாமல் வைத்திருந்து, இறுதியில் ஒரே முறை ஓட்டுங்கள். பத்தில் ஆறு வர்த்தகம் நட்டமாவது இம்முறையில் இயல்பே.