பெட்டா மீன் தொட்டி: செடியும் கட்டையும் முதலில், மீன் கடைசியில்

போன மாதம் என் அக்கா மகன் யூடியூபில் சிறுத்தைப் பல்லி வளர்க்கும் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம வீட்லயும் இது வேணும்" என்று பிடிவாதம் பிடித்தான். சிங்கப்பூரில் கெக்கோ, இகுவானா என்று எந்தப் பல்லி இனத்தையும் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை, இணையத்தில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். அவனிடம் பேசிப் பார்த்ததில், கண்ணாடிக்குள் இருந்த குகையும் கட்டையும் செடியும், நடுவில் அந்தப் பல்லி தனக்கென்று ஓர் இடம் பிடித்துச் சுருண்டு படுத்திருந்ததும்தான் அவனை அவ்வளவு இழுத்திருக்கிறது என்று புரிந்தது. சரி, அதே மாதிரி ஒரு வீட்டைப் பெட்டா என்கிற சண்டை மீனுக்குக் கட்டலாமே என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அப்போது செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: தொட்டியும் இடமும்

கடையில் பெட்டாவைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து விற்பதைப் பார்த்து, அதற்கு அவ்வளவு இடம் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ. உள்ள தொட்டி வாங்குங்கள், 27 லிட்டர் பிடிக்கும். முழுக்க நிரப்பாவிட்டாலும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய இருபது கிலோ, கண்ணாடியும் கல்லும் தனி, அதனால் உறுதியான மேசை வேண்டும். சன்னலோரம் வேண்டாம், வெயில் பட்டால் தண்ணீர் சூடாகிப் பாசி பிடிக்கும். நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவையில்லை, ஆனால் இரவெல்லாம் ஏர்கான் ஓடும் அறையில் வைக்காமல் வரவேற்பறையில் வையுங்கள். மூடி கட்டாயம். பெட்டா துள்ளி வெளியே விழும், அதோடு மேலே வந்து காற்றை வாயால் எடுத்து மூச்சுவிடும் மீன் என்பதால் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையில் நாலைந்து செ.மீ. விடுங்கள்.

படி 2: அடித்தளம்

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சாதாரணச் சிறு கூழாங்கல்லோ ஆற்று மணலோ போதும், மூன்று செ.மீ. உயரத்துக்கு. செடிக்கென்று விற்கும் சத்து மண் நல்லதுதான், ஆனால் அது முதல் சில வாரங்களுக்குத் தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை விடும்.

படி 3: கட்டை, கல், குகை

இங்கேதான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். பெட்டாவின் துடுப்பு வால் எல்லாம் மெல்லிய பட்டுத் துணி மாதிரி, கூரான எதிலும் சிக்கிக் கிழியும். என் முதல் தொட்டியில் அழகாக இருக்கிறதே என்று பிளாஸ்டிக் செடி ஒன்றை வைத்தேன், பத்தே நாளில் வால் நார் நாராகிவிட்டது. அது ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அத்தனை நாளும் அதைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. அதனால் எதை உள்ளே வைப்பதாக இருந்தாலும் பழைய நைலான் காலுறை ஒன்றை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும். சாயம் பூசிய பொம்மைகளும் வேண்டாம்.

கல்லுக்கு இன்னொரு சோதனை. இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும், விட்டுவிடுங்கள். சிப்பி, பவளத்துண்டுக்கும் இதே காரணம். மரக்கட்டையை ஒன்றிரண்டு வாரம் வாளியில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். தேநீர் நிறத்தில் சாயம் இறங்குவது கெடுதல் இல்லை, பெட்டாவுக்கு அந்த நிறத் தண்ணீர் பிடிக்கும்.

குகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சட்னிக்குத் துருவிய தேங்காயின் சிரட்டையே போதும். பருப்பு ஒட்டாமல் சுரண்டி, வெளி நாரை எடுத்து, ஒரு பக்கம் மீன் தாராளமாகப் போய்வரும் அளவுக்கு வாசல் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் குகை ரெடி. எங்கள் வீட்டில் அக்கா மகன்தான் தேய்த்தான், தேய்த்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது.

படி 4: செடிகள்

சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் போனால் மீன் கடைகள் வரிசையாக இருக்கும், எல்லாச் செடியும் அழகாகத்தான் தெரியும். ஆனால் முதல் தொட்டிக்கு மூன்று வகை போதும்.

ஒன்று அனுபியாஸ். அகல இலை, மெதுவாக வளரும், மங்கிய வெளிச்சம் போதும், கொல்வது கஷ்டம். பெட்டா மேற்பரப்புக்குப் பக்கத்தில் இலைமேல் படுத்து ஓய்வெடுக்கும் மீன் என்பதால், இதைக் கட்டையின் உச்சியில் கட்டிவிடுங்கள், அதுதான் அதன் கட்டில். இரண்டாவது ஜாவா ஃபெர்ன். இந்த இரண்டுக்கும் ஒரு விதி: வேரும் இலையும் கிளம்புகிற அந்தத் தடித்த தண்டை மண்ணில் புதைக்கவே கூடாது, புதைத்தால் அழுகும். கட்டையோடு நூலால் கட்டினால் நாளடைவில் தானே பிடித்துக்கொள்ளும். மூன்றாவது மிதக்கும் செடி, சால்வினியா மாதிரி. வெளிச்சத்தைக் குறைக்கும், கழிவைச் சாப்பிடும். ஆனால் மேற்பரப்பைப் பாதிக்கு மேல் மூட விடாதீர்கள், மீன் மூச்சு விட வழி வேண்டும்.

கிரிப்டோகோரைன் என்ற செடியை வாங்கினால் முதல் இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கரைந்துபோகலாம். பிடுங்கி எறியாதீர்கள், வேரிலிருந்து மறுபடி வரும். எந்தச் செடியானாலும் தொட்டியில் வைக்கும் முன் வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சை எடுத்துவிட்டு, நத்தை முட்டை இருக்கிறதா என்று இலையின் அடியிலும் பார்த்துக் கழுவுங்கள். விளக்கு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், அதற்கு மேல் பாசிதான்.

காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றும் போடலாம், நம் நாட்டு வாதுமைதான். புளோக்குக்குக் கீழே மரம் இருக்கிறதே என்று பொறுக்காதீர்கள், பூச்சிமருந்து பட்டிருக்கலாம். கடையில் பொட்டலமாகவே கிடைக்கிறது.

படி 5: தண்ணீர் நிரப்பி, காத்திருங்கள்

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும் என்று அப்பா காலத்தில் சொல்வார்கள். இப்போது பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் இருப்பது குளோரமைன், அது அப்படிப் போகாது. குளோரமைனையும் நீக்கும் மருந்தை அளவு பார்த்து ஊற்றுங்கள். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்சு வடிகட்டி போதும், வேகமான நீரோட்டத்தில் பெட்டா சோர்ந்துவிடும்.

அப்புறம் மீன் இல்லாமலே துளி மீன் தீனி போட்டு நாலைந்து வாரம் ஓட விடுங்கள். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர அவ்வளவு நாள் எடுக்கும். தண்ணீர் சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும், அது சிதையும்போது வரும் இன்னொரு நஞ்சான நைட்ரைட்டும் சுழியம் காட்டினால்தான் தயார். மீன் இல்லாத இந்த நாட்களில் கொசுப்புழு வரும், டெங்கி பயம் இருக்கும் ஊர் இது, அதனால் மூடியை இடைவெளியில்லாமல் மூடி, வடிகட்டியை நிறுத்தாமல் வையுங்கள். கட்டை ஊறும் வாளியையும் மூட மறக்காதீர்கள்.

படி 6: மீன்

ஒரே ஓர் ஆண். இரண்டு ஆண் மீன்களைச் சேர்த்து விட்டால் சண்டை போட்டுச் செத்துப்போகும். பையோடு அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கலந்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். முதல் வாரம் அது எங்கே படுக்கிறது என்று கவனியுங்கள். எங்கள் மீன் சிரட்டையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, கடைசியில் அனுபியாஸின் இரண்டாவது இலையைத்தான் பிடித்துக்கொண்டது. அந்த இலையை நாங்கள் இன்றுவரை வெட்டவில்லை. மற்ற செடியைக் கத்தரிக்கும்போது, கழிவைச் சாக்கடையிலோ கால்வாயிலோ போடாமல் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள், சால்வினியா வெளியே போனால் குளத்தையே மூடிவிடும்.