‘ரன் அமாக்’: எல்லா ஓட்டத்துக்கும் பொருந்தாது

அவனியாபுரம் வாடிவாசலிலிருந்து சீறி வரும் காளை, திமிலைப் பிடிக்க வந்தவர்களை உதறிவிட்டு நேரே மாடு பிடித்துக் கட்டும் இடத்துக்குப் போய்விடுகிறது. இதை ஆங்கிலத்தில் ‘ரேன் அமாக்’ (ran amok) என்று எழுதினால் தப்பு. காளை தன் வேலையைத்தான் செய்தது. தடுப்பை உடைத்து வேடிக்கை பார்ப்பவர்களுக்குள் புகுந்து கண்ணில் பட்டவரையெல்லாம் முட்டினால்தான் அது அமாக். கட்டு மீற வேண்டும், நாசமும் செய்ய வேண்டும். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு வயக்காட்டுப் பக்கம் ஓடிய மாட்டுக்கு ‘போல்ட்டட்’ போதும்.

இதில் வரும் ‘ரன்’ காலால் ஓடுவது அல்ல. கல்யாண மண்டபத்தில் பந்தி இலையை இழுத்துப் போட்டு அட்டகாசம் செய்யும் பிள்ளைகளுக்கும், தப்புத்தப்பாக ஆயிரம் பில் அடித்துத் தள்ளும் கணினிக்கும் இது பொருந்தும். தமிழில் ‘தறிகெட்டு’ கிட்டத்தட்ட இதே பொருள் தரும். ‘தலைகால் புரியாமல் ஆடினான்’ என்பதற்கு இதைப் போடாதீர்கள். அது சந்தோஷமோ திமிரோ, வெறியாட்டம் இல்லை.

யானைச் செய்தியில்தான் அதிகம் சறுக்கும். ‘மதம் பிடித்த’ என்பதை அப்படியே ‘அமாக்’ ஆக்கக் கூடாது. மதம் என்பது ஆண் யானைக்குக் கன்னத்தில் மதநீர் ஒழுகும் பருவம். அதற்கு ஆங்கிலத்திலும் ‘மஸ்த்’ என்ற தனிச்சொல் உண்டு. மஸ்த்தில் இருக்கும் யானை சங்கிலியில் சும்மா நிற்கலாம். நம்மூர்க் கோயில் யானைகளோ பெரும்பாலும் பெண் யானைகள். அவை மிரண்டு கடையை உடைத்தால் அமாக் சரி, மஸ்த் தப்பு.

சொல்லின் மூலம் மலாய் மொழியின் ‘அமுக்’: வெறிகொண்டு எதிர்ப்பட்டவரைத் தாக்குவது. போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்து ஏ-எம்-ஓ-கே, கடைசியில் யூ-சி-கே போடுவது பழைய வழக்கம். அப்படி எழுதினாலும் ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுத வேண்டும். முதல் ‘ஏ’யைப் பிரித்தால், சேற்றைக் குறிக்கும் ‘மக்’ என்று ஆகிவிடும். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்களே அப்படிப் பிரித்து எழுதியிருக்கிறார்கள், நாம் எம்மாத்திரம்! உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில்.

இலக்கணம் சுருக்கம்தான். நேற்று நடந்தது ‘ரேன் அமாக்’. ‘ஹேஸ்’, ‘ஹேட்’ முன்னால் வந்தால் மறுபடி ‘ரன்’. ‘ஹேஸ் ரேன்’ என்பது பரீட்சைத்தாளில் அடிக்கடி தலைகாட்டும் பிழை. ‘வாஸ் ரன் அமாக்’ என்று செயப்பாட்டுவினை கிடையாது. ‘ரேன் அமாக் தி க்ரவுட்’ என்றும் எழுத முடியாது; நடுவில் ‘த்ரூ’ வேண்டும்.

‘ரன் ரயட்’ (run riot, கட்டுக்கடங்காமல் போவது) இதற்குத் தங்கை மாதிரி, ஆனால் குணம் வேறு. வேட்டை நாய்கள் துரத்த வேண்டிய விலங்கை விட்டு வேறு வாடைக்குப் பின்னால் போவதிலிருந்து வந்தது அது. நல்லதற்கும் பயன்படும்: கற்பனை ‘ரன் ரயட்’ ஆகலாம். மழைக்குப் பிறகு கொல்லை வேலியைத் தாண்டி மண்டிக் கிடக்கும் பூசணிக்கொடிக்கும் அதுதான். ‘அமாக்’ என்று எழுதினால், கொடி யாரையோ அடித்துவிட்டது போலிருக்கும்.